நான் பட்டினி போட்டுக் கொன்ற பேட்டரி

2011இல் வாங்கிய என் முதல் இன்வெர்ட்டர் பேட்டரி பதினான்கே மாதத்தில் செத்தது. விற்ற கடைக்காரரைத் திட்டினேன், செய்த கம்பெனியைத் திட்டினேன். கொன்றது நான்தான் என்று பிறகுதான் புரிந்தது.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. 2012ஐத் தமிழ்நாட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால், எங்கள் மாதிரி மாவட்டங்களுக்கு நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். ஒரு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படிக்கிற பிள்ளை. கடன் வாங்கிப் போட்ட இன்வெர்ட்டர்தான் அந்த வருடம் எங்களைக் காப்பாற்றியது, அது மூச்சை விடும்வரை.

கணக்கைப் பாருங்கள். 150 ஆம்பியர்-அவர் பேட்டரி முழுசாக ஏறப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். கடைசி இருபது சதவீதம் ஆமை வேகத்தில்தான் ஏறும். ஒரு மணி நேரம் ஊட்டி, அடுத்த ஒரு மணி நேரம் பிடுங்கினால் அது என்றைக்கு நிறையும்? எங்கள் பேட்டரி மாதக்கணக்கில் அரை வயிற்றோடு கிடந்தது. ஈய-அமில பேட்டரி இறங்கும்போது உள்ளே இருக்கும் தகடுகளில் ஈய சல்பேட் படியும். சீக்கிரம் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். விட்டுவைத்தால் இறுகும். களி கிண்டிய சட்டியை அப்போதே ஊறவைத்தால் கையால் தேய்த்தாலே போய்விடும்; மறுநாள்வரை காயவிட்டால் கரண்டியால் சுரண்டினாலும் வராது, இல்லையா? அதே கதைதான்.

இது போதாதென்று நான் வேறு ஒரு வேலை செய்தேன். "மாசத்துக்கு ஒருதரம் சுத்தமா இறக்கி ஏத்துனாத்தான் பேட்டரி நிக்கும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் மெயினை அணைத்துவிட்டு, இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தி அடங்கும்வரை ஃபேனை ஓடவிட்டேன். பழைய நிக்கல்-காட்மியம் செல்களுக்குச் சொன்ன அறிவுரை அது. அந்தச் செல்லை அடிக்கடி பாதியிலேயே சார்ஜ் போட்டால் கொள்ளளவு குறைந்ததுபோல் நடந்துகொள்ளும் என்பார்கள். அந்தச் செல் வீட்டைவிட்டே போய்விட்டது, அறிவுரை மட்டும் போகவில்லை. ஈய-அமில பேட்டரிக்கும் செல்போனில் இருக்கும் லித்தியத்துக்கும் அது விஷம்.

புதுசு மாட்ட வந்த பேட்டரிக்கார அண்ணன் பழையதன் மூடிகளைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தண்ணி என்ன ஊத்துனீங்க, வாத்தியாரே?"

"போர் தண்ணிதான். வடிகட்டித்தான் ஊத்துனேன்."

"அந்தத் தண்ணியக் குடிச்சு நம்ம பல்லே பழுப்பாகிக் கெடக்கு. தகடு மட்டும் தாங்குமா?"

தருமபுரிக்காரனுக்கு இதைவிட உறைக்கிற மாதிரி யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லையும் எலும்பையும் பாதித்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே 2013இல் வந்தது. பேட்டரிக்குப் பெரிய எதிரி ஃப்ளோரைடைவிடத் தண்ணீரில் இருக்கும் குளோரைடும் இரும்பும்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒகேனக்கல் தண்ணீரும் கூடாது, கேன் தண்ணீரும் கூடாது. குடிக்க நல்ல தண்ணீரிலும் உப்பு உண்டு. கடையில் 'பேட்டரி தண்ணி' என்று கேட்டால் தருகிறார்களே, அந்த டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். பேட்டரிக்குள் குறைவது தண்ணீர்தான், அமிலம் ஆவியாவதில்லை. எனவே "கொஞ்சம் ஆசிட் ஊத்துங்க, புதுசு மாதிரி ஆயிடும்" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். முழு சார்ஜ் ஏறிய பிறகு மேல்கோடுவரை ஊற்றுங்கள். தகடு வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், முதலில் தகடு மூழ்கும்வரை ஊற்றிவிட்டுச் சார்ஜ் போட்டு, மிச்சத்தைப் பிறகு ஊற்ற வேண்டும்.

அந்தப் புதுப் பேட்டரி ஏழு வருடம் உழைத்தது. நான் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். சார்ஜும் இல்லாமல் லோடும் இல்லாமல் இரண்டு மூன்று மணி நேரம் ஓய்வில் வைத்துவிட்டு அளக்கும்போது 12.7 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் கிட்டத்தட்டக் காலி. இன்வெர்ட்டர் தானாக அணைவது பெரும்பாலும் 10.5 வோல்ட்டில். அதைப் பலர் பாதுகாப்பு எல்லை என்று நினைக்கிறார்கள். அது கிணற்றின் விளிம்பு. நான் பாதியிலேயே திரும்பிவிடுவேன்.

இப்போது அந்தக் காலத்து மின்வெட்டு இல்லை. மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் சில நாள் மாலை ஐந்துக்குத்தான் வரும். அந்த எட்டு மணி நேரத்தைச் சமாளிக்க ஒரு கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் என்றால் 1,800 வாட்-அவர். அதில் பாதி 900. இன்வெர்ட்டரில் போகும் சேதாரம் கழித்தால் கையில் நிற்பது 720 என்று வையுங்கள். 75 வாட் பழைய ஃபேன் இரண்டு, 9 வாட் எல்.இ.டி. பல்பு மூன்று: மொத்தம் 177 வாட், நாலு மணி நேரத்தில் பாதி காலி. ஃபேன் இரண்டையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினேன். 87 வாட், எட்டு மணி நேரம். பெரிய பேட்டரி வாங்குவதைவிட இது லாபம் என்பது என் கட்சி. கரண்ட் போகாத மாதங்களில் பேட்டரியைச் சும்மாவே வைத்திருக்காமல், ஒரு மாலை இரண்டு மணி நேரம் ஓடவிட்டுத் திரும்ப முழுசாக ஏற்றிவிடுவேன்.

ஆபத்து என்று பார்த்தால், சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜனைத்தான் சொல்வேன். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். பல வீடுகளில் பேட்டரி இருப்பது மாடிப்படிக்கு அடியில், சில வீடுகளில் சாமி மாடத்துக்குக் கீழே. ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் தாராளமாக வையுங்கள், சூடம் மட்டும் காட்டாதீர்கள். காற்றோட்டமான இடமாகவும் வெயில் படாத இடமாகவும் இருக்கட்டும். சூடு கூடக் கூட ஆயுள் குறையும். டெர்மினலைக் கழற்றும்போது மோதிரம், காப்பைக் கழற்றி வையுங்கள். என் ஸ்பேனர் ஒருமுறை இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தது. பளீரென்று ஒரு பொறி, ஸ்பேனரில் இன்றும் அந்தத் தழும்பு இருக்கிறது. அமிலம் தெறித்ததே தெரியாமல் வேட்டியைத் துவைக்கப் போட்டால், கொடியில் காயும்போது சல்லடையாக இருக்கும். கண்ணில் பட்டால் பதினைந்து நிமிடமாவது தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முனையில் பூக்கும் வெள்ளைப் பொடியை ஆப்பசோடா கரைத்த நீரால் துடைத்து, வாசலின் தடவினால் போதும். மூடி வழியாக அந்த நீர் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்போன் சார்ஜை இருபது சதவீதத்துக்கும் எண்பதுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் நல்லது. தலையணைக்கு அடியில் சார்ஜ் போடக் கூடாது. உப்பிப்போன லித்தியம் பேட்டரியைக் குத்திப் பார்க்கவே கூடாது. செத்த பேட்டரியைப் பழைய இரும்புக்குப் போடாமல், புதுசு வாங்கும் கடையிலேயே கொடுங்கள். ஈயத்தைத் தெருவோரம் உருக்குகிறவர்களிடம் அது போய்ச் சேரக் கூடாது.

கடைசியாக, விவசாயம் பார்க்கிற வீடுகளுக்கு. தக்காளிக்கு மருந்தடித்த கையோடு பேட்டரி தெளிப்பானை அப்படியே கொட்டகையில் மாட்டிவிட்டு, அடுத்த போகத்துக்கு எடுக்கும்போது "ஏறவே மாட்டேங்குது" என்று கொண்டுவருகிற உறவினர் எனக்கு நாலு பேர் இருக்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் சின்ன ஈய-அமில பேட்டரிதான். இறங்கிய நிலையில் நாலு மாதம் தொங்கினால் அது மீளாது. உங்கள் கொட்டகையிலும் ஒன்று தொங்கினால் இன்றைக்கே எடுத்துச் சார்ஜில் போடுங்கள். வேலை இல்லாத நாட்களிலும் மாதம் ஒருமுறை போடுங்கள்.