கட்டிக் கிடக்கும் படகில் சேரும் தண்ணீர்

ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை, 52 நாட்கள் கேரளக் கடலில் இழுவலைத் தடை. 1988-இல் தொடங்கிய நடைமுறை இது. 2018-இல்தான் 47 நாள் 52 ஆனது. கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு அடுத்த தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் இந்தத் தடை நாட்களில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக் கட்டிக் கிடக்கும். வலையைப் பிரித்துக் கட்டுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள். டீசல் டேங்கின் அடியைத் திறந்து பார்ப்பவர்கள்தான் குறைவு. தண்ணீர் இன்ஜினுக்கு வினையாவது பெரும்பாலும் இந்தச் சும்மா கிடக்கும் நாட்களில்தான்.

டேங்க் பாதி காலியாக இருந்தால் மீதி இடத்தில் ஈரக்காற்று நிற்கும். ராத்திரி தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் துளியாகி, சுவரில் வழிந்து டீசலுக்கு அடியில் போய்ச் சேரும். மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் மழைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம்தான். கனமான தண்ணீர் அடியில் படுத்துக்கொள்ளும். கரையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் ஒழுங்காகவே ஓடும். முகத்துவாரம் தாண்டி அலை தூக்கிப் போடும்போது அடித்தண்ணீர் கலங்கி மேலே வரும், ஃபில்டர் நிறையும், இன்ஜின் இருமி நிற்கும். பெரிய கப்பல்கள் போகும் கால்வாயில் படகு செயலற்று மிதப்பது சாதாரண ஆபத்து அல்ல.

பழைய இன்ஜின்கள் கொஞ்சம் தண்ணீரைத் தாங்கின. காமன் ரெயில் இன்ஜின் தாங்காது. அங்கே அழுத்தம் 1,500 பாருக்கு மேல். இன்ஜெக்டரின் உள் இடைவெளி சில மைக்ரான். பம்புக்கு மசகு எண்ணெயாக இருப்பதே டீசல்தான், அந்த வேலையைத் தண்ணீர் செய்யாது. டீசலும் தண்ணீரும் சந்திக்கும் விளிம்பில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர்ந்து கறுப்புச் சளியாகப் படியும். அது வந்துவிட்டால் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு. டேங்கைக் கழுவியே ஆக வேண்டும்.

ஆகவே தடைக்காலத்தில் டேங்கை நிரப்பி வைப்பதே நல்லது. வருமானம் நின்ற மாதங்களில் அது எல்லோராலும் ஆகாது என்பதும் உண்மை. முடியாதவர்கள் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரியே படகை அசைக்காமல் விட்டு, காலையில் அடி வால்வைத் திறந்து கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்க்கலாம். தண்ணீர் கீழே தனியாக நிற்கும். மங்கலாக இருந்தால் டீசலிலேயே ஈரம் கலந்திருக்கிறது. பங்கிலும் தண்ணீர் காட்டும் பேஸ்ட் உண்டு. அளவுகோலில் தடவி இறக்கினால் தண்ணீர் தொட்ட உயரம் வரை நிறம் மாறும். கேட்டு வாங்கிப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

ஆயில் கதை வேறு. ஓடும்போது ஆயில் கூலருக்குள் ஆயிலின் அழுத்தம்தான் அதிகம்; ஓட்டை விழுந்தால் ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். நிறுத்திய பிறகு தண்ணீர் திரும்பி ஆயிலுக்குள் கசியும். கூலன்ட்டில் எண்ணெய்ப் படலம் மினுங்கினாலே சந்தேகப்பட வேண்டும். லைனர் ஓ-ரிங்கும் ஹெட் கேஸ்கெட்டும் மற்ற இரண்டு வழிகள்.

தோப்பும்படியில் ஒரு தூத்தூர்க்கார மெக்கானிக் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இளம் டிரைவர் சாவியில் கை வைத்ததும், "ஸ்டார்ட் ஆக்காத மக்களே, அடிய தெறந்து பாரு" என்றார். சம்ப் நட்டை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்தினார். முதலில் தெளிந்த தண்ணீர் நூலாக இறங்கியது, பிறகு ஆயில் வந்ததும் உடனே முறுக்கினார். இன்ஜின் ஓடியிருந்தால் அதெல்லாம் அடிபட்டுப் பால் காப்பி நிறமாகியிருக்கும். சந்தேகம் தீராதபோது சூடான தகட்டில் ஒரு சொட்டு ஆயில் விடுவார்; ஈரம் இருந்தால் பொரியும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டுதான் இதைச் செய்ய வேண்டும்.

டிப் ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் மகிழ்ச்சியடைய ஒன்றுமில்லை. தண்ணீரோ டீசலோ இறங்கியிருக்கிறது. ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் மெல்லிய நுரை என்றால் பெரும்பாலும் வியர்த்த ஈரம், அதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டாம்.

கரையிலும் இதே கதைதான். கார்த்திகை, மார்கழியில் விருச்சிக வேலியேற்றம் என்னும் கடலேற்றம் வரும்போது மேற்குக் கொச்சியின் தாழ்வான தெருக்களில் உப்புத் தண்ணீர் ஏறும். ஓடிச் சூடான மினி லாரியின் அச்சு அதில் முங்கினால், குளிரும் வேகத்தில் மூச்சுத் துளை வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இன்ஜின் வரை ஏறியிருந்தால் சாவியைத் தொடவே கூடாது: தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சிலிண்டருக்குள் தண்ணீர் இல்லை என்று உறுதியான பிறகே ஆயிலை இறக்கி, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, சிறிது நேரம் ஓடவிட்டு மறுபடி இறக்க வேண்டும். உப்பு பேரிங்கை அரிக்கும் என்பதால் இதை அடுத்த வாரத்துக்குத் தள்ளக் கூடாது.