கடல் கடந்து வேலைக்குச் செல்வோர் கவனத்திற்கு

'சபர்' என்ற அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். நம் வீடுகள் பலவற்றில் அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் ஏறிவிட்டது. "மகன் சபரில் இருக்கிறான்" என்று ஒரு தாய் சொன்னால், அவன் ரயிலில் போய்க் கொண்டிருக்கிறான் என்று யாரும் எண்ணுவதில்லை. சவூதியிலோ, துபாயிலோ, குவைத்திலோ பிழைப்பின் பொருட்டு இருக்கிறான் என்றே விளங்கிக் கொள்கிறோம். விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்தும் இரண்டு வருட ஒப்பந்தத்தில் செல்வோர் உண்டு; கம்பெனி அனுப்பி ஆறு மாதத்தில் திரும்புவோரும் உண்டு. இவர்களுக்கான மார்க்கச் சட்டங்களில் அவசியமான சிலவற்றை இங்கே பார்ப்போம்.

பயணி என்றதும் கஸ்ருத் தொழுகைதான் முதலில் நம் நினைவுக்கு வருகிறது. அதைப் பிறகு பார்ப்போம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பயண ஒழுங்குகளைச் சொல்லும்போது தொழுகையிலிருந்து தொடங்கவில்லை. பிறருக்குச் செய்த அநீதிக்குப் பரிகாரம் தேடுவது, கடனை அடைப்பது, தன் பொறுப்பில் உள்ளவர்களின் செலவுக்கு வழி செய்வது, அமானிதத்தை உரியவரிடம் சேர்ப்பது ஆகியவற்றைத்தான் முதலில் வைக்கிறார்கள். இதற்கு முன்மாதிரி நாயகம் (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்திலேயே இருக்கிறது. உயிருக்கு ஆபத்து சூழ்ந்த அந்த வேளையிலும், மக்காவாசிகள் தம்மிடம் ஒப்படைத்திருந்த பொருள்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். விமானச் சீட்டு கைக்கு வந்து, பெட்டி கட்டி முடியும் நேரத்தில் நம்மில் எத்தனை பேருக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வருகிறது?

முதல் கணக்கு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. விசாவுக்குப் பணம் வேண்டும் என்றதும் கை போவது மனைவியின் கழுத்துக்கு. மஹராக வந்த நகையும், தாய் வீட்டார் அவளுக்கென்று போட்ட நகையும் அவளுடைய சொத்து; கணவனுக்கு அதில் உரிமையில்லை. அவள் மனமுவந்து அன்பளிப்பாகத் தந்தால் வேறு. 'வந்ததும் செய்து தருகிறேன்' என்று வாங்கினால் அது கடன். கடனென்றால் எத்தனை பவுன், என்ன எடை என்று எழுத வேண்டும். வாங்கியது தங்கமானால் திருப்ப வேண்டியதும் அதே எடைத் தங்கமே. விற்ற அன்று கிடைத்த ரூபாயைச் சில வருடம் கழித்துக் கையில் கொடுத்து 'கணக்குத் தீர்ந்தது' என்பது தீர்ப்பதாகாது. தங்கம் விற்கும் விலையில் அந்த ரூபாய்க்குப் பாதி நகைகூட வராமற் போகலாம். கணவன் மனைவிக்குள் எழுத்தா என்று கூச்சப்பட வேண்டாம். தவணைக் கடனை எழுதிக் கொள்ளும்படி கட்டளையிடும் அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அதில் கணவன் மனைவிக்கு விலக்கு சொல்லப்படவில்லை.

நகையை வட்டிக்கு அடகு வைத்துப் புறப்படுவது ஹலாலான சம்பாத்தியத்துக்கு ஹராமான வாசலைத் திறப்பதாகும். உறவினரிடம் அழகிய கடன் கேட்டுப் பார்க்கலாம். பைத்துல்மால் நடத்தும் ஜமாஅத்துகளில் வட்டியில்லாக் கடனுக்கும் வழியிருக்கிறது. ஆனால் அதற்கும் முன்னால், ஏஜெண்டு கேட்கும் தொகை நியாயமானதுதானா என்று பாருங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜி.எஸ்.டி. வரியும் என்று உச்சவரம்பு விதித்திருக்கிறார்கள். ரசீது இல்லாமல் லட்சக்கணக்கில் கேட்பவனுக்காகவா வட்டிக்கு வாங்குவது? பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அதோடு இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டணத்தில் 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் வருகிறது. இதைத் தவிர்ப்பதற்காகச் சுற்றுலா விசாவில் அனுப்பி வைத்து, 'அங்கே போனதும் மாற்றிக் கொள்ளலாம்' என்பவன் பேச்சில் மயங்க வேண்டாம். அப்படிச் சென்றவனுக்கு அந்த அனுமதியும் இல்லை, காப்பீடும் இல்லை. சம்பளம் தராத முதலாளி மீது புகார் கொடுக்கவும் அஞ்ச வேண்டிய நிலை.

அடுத்தது செலவுப் பணம். பல வீடுகளில் சம்பளம் முழுவதும் தந்தை பெயருக்கோ அண்ணன் பெயருக்கோ வருகிறது. சோப்பு வாங்கவும், பிள்ளைக்கு மருந்து வாங்கவும் மருமகள் மாமியாரிடம் கை நீட்டி நிற்கிறாள். மனைவியின் உணவும் உடையும் இருப்பிடமும் கணவன் மீது கடமை. அது மாமியாரின் தயவுக்கு உட்பட்டதல்ல. தேவையுள்ள பெற்றோரைப் பராமரிப்பதும் மகன் மீது கடமையே. இரண்டும் தனித்தனி ஹக்கு. ஆகவே அவளுக்கு உரியதை அவள் கணக்குக்கும், பெற்றோருக்கு உரியதை அவர்கள் கணக்குக்கும் அனுப்ப முதல் மாதத்திலிருந்தே ஏற்பாடு செய்து விடுங்கள். இதைத் தாய் தந்தை முன்னிலையிலேயே பேசி முடித்துவிட்டுப் புறப்படுவது நல்லது. தொலைபேசியில் பேசினால் சண்டையாகிவிடும்.

பிரிவின் காலமும் மனைவியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியதுதான். கணவன் போருக்குச் சென்றிருக்க, தனிமையில் புலம்பிய பெண்ணின் குரலைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், ஒரு பெண் எத்தனை காலம் கணவனைப் பிரிந்து பொறுத்திருப்பாள் என்று தம் மகள் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, படைவீரர்களின் தவணைக்கு வரம்பு கட்டினார்கள். அதை நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் சொல்கின்றன. ஜிஹாதுக்குச் சென்றவர்களுக்கே அந்த வரம்பு என்றால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் விடுப்பு எப்போது என்று பார்க்க வேண்டாமா? இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் என்றிருந்தால் அவளிடம் ஒளிக்காமல் சொல்லிச் சம்மதம் பெறுங்கள்.

இனி வஸிய்யத். மரண சாசனம் என்றதும் வீட்டில் பெண்கள் அழத் தொடங்குவார்கள். அதற்காக விட்டுவிட முடியாது. சாசனம் செய்ய வேண்டிய பொருளுள்ள முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்கிறது. உள்ளூரில் இருப்பவனுக்கே இப்படியென்றால், கடல் தாண்டிச் செல்பவனுக்குச் சொல்ல வேண்டுமா? யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும், யாருடைய அமானிதம் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வாங்கி, நம்பிக்கையானவரிடம் கொடுங்கள். வங்கிக் கணக்கில் 'நாமினி' என்று பெயர் எழுதுவதை வாரிசு உரிமை என்று பலர் நினைக்கிறார்கள். நாமினி அந்தப் பணத்தை வாங்கி வைப்பவர்தான். பங்கு, பராயிளு சட்டப்படி வாரிசுகள் அனைவருக்கும் சேர வேண்டும்.

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதி ஒன்று வீட்டில் இருக்கட்டும். ஒப்பந்தம் அரபியில் இருந்தால், ஓதிய ஆலிமிடம் காட்டினால் பொருள் சொல்லி விடுவார் என்று எண்ணக்கூடாது. கிதாபு அரபி வேறு, கம்பெனி அரபி வேறு. முறையான மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்குங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். மகனுக்குக் குருமா மசாலா அரைத்துக் கட்டித் தருகிறீர்கள். அதில் கசகசா சேர்க்காதீர்கள். நமக்கு அது மளிகைச் சாமான். சவூதியிலும் அமீரகத்திலும் அபின் செடியின் விதை என்ற கணக்கில் தடை செய்யப்பட்ட பொருள். அறியாமல் கொண்டு போய்ச் சிறை சென்றவர்கள் இருக்கிறார்கள். இருமல் மருந்து, வலி மாத்திரைகளிலும் அங்கே தடையுள்ளவை உண்டு. மருத்துவர் சீட்டு இல்லாமல் எதையும் வைக்க வேண்டாம். அக்கம்பக்கத்தார் 'அங்குள்ள என் மகனிடம் கொடுத்து விடு' என்று தரும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் வாங்குவதும் கூடாது. அமானிதம் என்றால் அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இனித் தொழுகைக்கு வருவோம். புறப்படும் நாள் வெள்ளிக்கிழமையானால், ஜும்ஆ கடமையானவர் பஜ்ரு நேரம் வந்தபின் ஊரை விட்டுக் கிளம்புவதை ஷாபிஈ மத்ஹப் தடுக்கிறது. வழியில் ஜும்ஆ கிடைக்குமானால் தடையில்லை. காலையில் கிளம்பிச் சென்னைக்குச் சென்று ஜும்ஆத் தொழுதுவிட்டு மாலையில் விமானம் ஏறலாம்.

கஸ்ருக்குரிய தூரம் ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து திண்டிவனமோ புதுச்சேரியோ செல்பவருக்குக் கஸ்ரு இல்லை. சென்னைக்குச் செல்பவருக்கு, இரண்டு ஊர்க்காரருக்குமே உண்டு. அதுவும் தன் ஊரின் எல்லையைத் தாண்டிய பிறகுதான். வீட்டு வாசலில் அல்ல.

சென்னையில் விசாவுக்கோ விமானத்துக்கோ காத்திருக்கும் நாள்களில்தான் அதிகக் குழப்பம். ஷாபிஈகள், போய்ச் சேரும் நாளையும் புறப்படும் நாளையும் நீக்கி முழுதாக நான்கு நாள் தங்குவதாக எண்ணினால் கஸ்ரு இல்லை. இன்று முடியும், நாளை முடியும் என்று காத்திருந்தால் பதினெட்டு நாள் வரை கஸ்ருச் செய்யலாம். ஹனபிகளுக்குப் பதினைந்து நாள் தங்க நிய்யத்து வைத்தால்தான் முழுத் தொழுகை. அதற்குக் குறைவானால் கஸ்ருவே. ஷாபிஈகள் பயணத்தில் ளுஹரையும் அஸரையும், மஃக்ரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹஜ்ஜில் அரபாவிலும் முஸ்தலிபாவிலும் தவிர ஹனபிகளுக்கு அது இல்லை. ஒரே அறையில் இரு மத்ஹபினரும் தங்க நேர்ந்தால் இதற்காக வாக்குவாதம் வேண்டாம்.

இரண்டு வருட வேலைக்கென்று போய் இறங்கியவர், தங்கும் ஊரை அடைந்ததும் முழுமையாகத் தொழ வேண்டும். 'வெளிநாட்டில்தானே இருக்கிறேன்' என்று மாதக்கணக்கில் இரண்டு ரக்அத்துத் தொழுவது தவறு. அங்கிருந்து எண்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறு வேலைத்தளத்துக்கு இரண்டு மூன்று நாள் அனுப்பினால் அப்போது மீண்டும் பயணியாவார்.

கிப்லாவையும் பழக்கத்தில் விட்டுவிடக்கூடாது. விழுப்புரத்தில் நாம் மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து நிற்கிறோம். துபாயில் மேற்கே, சற்றுத் தெற்குச் சாய்வு. ரியாதில் தென்மேற்கு. ஜித்தாவிலோ கஃபா கிழக்கே இருக்கிறது! அறையில் சேர்ந்த முதல் நாளே விசாரித்து அடையாளம் வைத்துக் கொள்ளுங்கள்.

ரமலான் நடுவில் பயணம் போனால் நோன்புக் கணக்கு மாறும். நம் நாட்டுக்கு ஒரு நாள் முன்பே அங்கே பிறை தொடங்கியிருந்தால், போய்ச் சேர்ந்த ஊராரோடு பெருநாள் கொண்டாட வேண்டும். அப்போது இருபத்தெட்டு நோன்புதான் கிடைத்திருந்தால் ஒன்றைப் பிறகு களாச் செய்ய வேண்டும். அங்கிருந்து ரமலானில் ஊர் வருபவர், முப்பது முடிந்தும் இங்கே பெருநாள் வரவில்லையென்றால் ஊராரோடு சேர்ந்து நோன்பு நோற்க வேண்டும்.

விடுப்பில் திரும்பும்போதும் ஒரு சட்டம் உண்டு. விழுப்புரத்துக்காரரும் திண்டிவனத்துக்காரரும் விமான நிலையத்திலிருந்து ஒரே காரில் வருகிறார்கள். அஸருக்குத் திண்டிவனத்தில் இறங்குகிறார்கள். திண்டிவனத்துக்காரர் சொந்த ஊருக்குள் வந்துவிட்டார். நான்கு ரக்அத்துத் தொழ வேண்டும். விழுப்புரத்துக்காரர் இன்னும் பயணி. தனியாகத் தொழுதால் இரண்டு ரக்அத்துப் போதும். பள்ளிவாசலில் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் அவரும் நான்கையும் நிறைவேற்ற வேண்டும்.