நாணயத்தில் நாணயம்

நம் மொழியில் ‘நாணயம்’ என்னும் சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். இவ்விரண்டும் சேர்ந்திருந்த காலத்தையும் பிரிந்த காலத்தையும் உரோமரின் வெள்ளிக்காசு நமக்குக் காட்டுகிறது.

கிளவுதியு பேரரசன் காலத்தில் (கி.பி. 41–54) செங்கடலில் வரி தண்டிய ஆனியுஸ் பிளோக்காமுஸ் என்பவரின் ஊழியர் ஒருவர், காற்றில் அகப்பட்டு இலங்கைக் கரையை அடைந்தாராம். அவரிடமிருந்த தெனாரியங்களில் முகங்கள் வெவ்வேறு, நிறையோ ஒன்றே. அதைக் கண்ட நம் நாட்டு அரசன் உரோமரின் நேர்மையை வியந்து, நான்கு தூதரை அனுப்பினான் என்று பிளினி எழுதி வைத்துள்ளார்.

அந்த நேர்மை நிலைக்கவில்லை. 64ஆம் ஆண்டளவில் நீரோ காசின் நிறையைக் குறைத்து, செம்பையும் கூட்டினான். பின்வந்தோரும் அவ்வழியே சென்றனர். படையினரின் சம்பளம் பெருகிற்று, வெள்ளி பெருகவில்லை. 260இல் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட்டான். அவன் மகன் கல்லியேனுஸ் 268இல் இறந்தபோது, ‘வெள்ளிக்காசில்’ நூற்றுக்கு ஐந்து பங்கு வெள்ளிகூட இல்லை; செம்பின்மேல் மெல்லிய பூச்சே இருந்தது.

ஆனால் அக்காசுகளின் படங்களைப் பாருங்கள்! சமாதானம் ஒலிவக் கிளையுடன் நிற்கிறாள். படையின் பற்றுறுதி கொடிகளைப் பிடித்து நிற்கிறாள். நேர்மை தராசு ஏந்தி நிற்கிறாள். அந்நாளில் எல்லைகள் எரிந்தன. படைகள் தம் தளபதிகளையே பேரரசராக்கின. இல்லாததையெல்லாம் காசு பேசிற்று. தராசு பொறித்த காசிலேயே வெள்ளி குறைந்திருந்தது!

வலேரியன் திருச்சபையைத் துன்புறுத்திய 258ஆம் ஆண்டில், திருச்சபையின் செல்வத்தைக் கொடு என்று கேட்டவர்கள்முன் புனித லோறன்ஸ் ஏழைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார் என்பது மரபு. அவர் காட்டிய செல்வத்தில் கலப்படம் இல்லை. தெனாரியத்தைக் காட்டச் சொல்லி, அது யாருடைய உருவம் என்று நம் ஆண்டவர் கேட்டதை நாம் அறிவோம் (மத்தேயு 22). காசு சீசரின் சாயலைத் தாங்கும். மனிதன் இறைவனின் சாயலைத் தாங்குகிறான்.

2022இல் நம் ரூபாயின் மதிப்பு சில வாரங்களுக்குள் வீழ்ந்தபோது, அதைத் தாங்கிப் பிடிக்க நம்மால் இயலவில்லை. ஆனால் நம் தராசு நம் கையில்தான் இருந்தது. வாவிக்கரையில் இறால் நிறுக்கும் வேளையிலும், வயலில் கூலி கொடுக்கும் வேளையிலும், கடன்பட்ட அயலவரிடம் பேசும் வேளையிலும் நம்மில் பதிந்துள்ள சாயல் சோதிக்கப்படுகிறது. வீட்டில் திருப்படம் தொங்குவது நன்று. அதன்கீழ் வாழ்வோரின் சொல்லுக்கும் நிறை இருக்கட்டும்.

குடும்பமாகச் சிந்திக்க: நெருக்கடி வந்தபோது நம் வீட்டில் எது நிறை குறைந்தது? அதை யாருக்கு ஈடுசெய்ய வேண்டும்?