அய்யூப் மலையின் ஊற்றுகள்

கேள்வி: மத்திய ஆசியாவில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற புராதன நகரம் எது? எப்போது செல்வது உசிதம்?

பதில்: கிர்கிஸ்தானின் தென்பகுதியில், பெர்கானா சமவெளியின் விளிம்பில், பட்டுப் பாதை வணிகர்களின் போக்குவரத்தைப் பல நூற்றாண்டுகள் கண்ட ஜலால்-அபாத்துக்குச் செல்லுங்கள், ஆப்கானிஸ்தானத்தில் இதே பெயருள்ள நகரம் வேறு. பொறுமைக்கே இலக்கணமாய் விளங்கிய அய்யூப் நபி, தம் தேகத்தைப் பீடித்த கொடிய வியாதி நீங்கப்பெற்றது நகரையடுத்த அயூப்-தாவ் குன்றின் ஊற்றுகளிலேதான் என்பது அவ்வூராரின் பரம்பரை நம்பிக்கை. சோவியத் ஆட்சிக் காலத்தில் பிரசித்தி பெற்ற ஆரோக்கிய விடுதியொன்று அக்குன்றின்மேல் இருக்கிறது. அங்கே தாதுநீரைப் பருகுவதும் அதில் ஸ்நானம் செய்வதும் சிகிச்சையாகவே கருதப்படுகின்றன. ஆகையால், இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள் தங்கள் வைத்தியரைக் கலந்துகொண்டே வெந்நீரில் இறங்க வேண்டும்.

ஓஷ் நகரிலிருந்து சாலை வழியாகச் சென்றால், இடையே உஸ்கெனில், காரகானிய அரசர்கள் காலத்துச் செங்கல் ஸ்தூபியையும் சமாதி மண்டபங்களையும் தரிசிக்கலாம். கோடையின் உக்கிரம் தணிந்த செப்டம்பர், அக்டோபர் மாதங்களே உத்தமம். அப்போது அருகிலுள்ள அர்ஸ்லான்பாப் வனத்தில் வால்நட் அறுவடை நடக்கும். பச்சைத் தோலை உரித்துக் கறுத்த கைகளோடு குடும்பம் குடும்பமாக ஜனங்கள் மரத்தடியில் காய் பொறுக்குவதையும் பார்த்து வாருங்கள்.