இரண்டும் சரியென்றால் எதை டிக் செய்வது?

'நன் ஆஃப் தெம்' என்றால் பின்னால் வருவது 'இஸ்'ஸா, 'ஆர்'ஆ? கோச்சிங் வகுப்பில் இப்படி ஒரு சந்தேகம் கிளம்பினால் அரை மணி நேரம் போயே போச்சு. ஒருவர் கைடை நீட்டுவார், இன்னொருவர் யூடியூப் வாத்தியாரைக் காட்டுவார்.

முதலில் நீங்கள் எழுதப்போகும் தேர்வைப் பாருங்கள். ஐஇஎல்டிஎஸ்ஸில் இலக்கணத்துக்கென்று தனிப் பகுதியே கிடையாது. ரைட்டிங் மதிப்பெண்ணில் இலக்கணத்தின் பங்கு கால்வாசி. வாக்கியம் உங்களுடையது என்பதால் உறுத்துகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம். 'டிஃபரென்ட் டு' பிரிட்டிஷ் பழக்கம், 'டிஃபரென்ட் தேன்' அமெரிக்கப் பழக்கம். 'டிஃபரென்ட் ஃப்ரம்' இரண்டு ஊரிலும் செல்லுபடியாகும். அதையே எழுதுங்கள்.

டோஃபல் ஐடிபி அப்படி விடாது. அதன் 'லெவல் 1' தாளில் இலக்கணப் பகுதிக்கு மட்டும் 25 நிமிடம், 40 கேள்விகள். அதில் 25 கேள்விகள், அடிக்கோடிட்ட நான்கு இடங்களில் தப்பானதைக் கண்டுபிடிக்கச் சொல்பவை. இந்த மாதிரிக் கேள்வியைப் பாருங்கள்: 'நன் ஆஃப் த பேசஞ்சர்ஸ் வேர் அலவ்டு டு என்டரிங் த பிளேன்.' 'நன்', 'வேர்', 'என்டரிங்', 'பிளேன்' நான்குக்கும் கீழே கோடு. 'நன்' ஒருமையாயிற்றே என்று பாய்ந்து 'வேர்'ஐக் குறிப்பவர்கள் ஏராளம். ஆனால் 'நன்' பன்மை வினையையும் ஏற்கும். 'டு என்டரிங்'குக்கு வக்காலத்து வாங்க யாராலும் முடியாது. எனவே சர்ச்சைக்குரிய இடத்தைத் தாண்டி நான்காவது கோடு வரை படித்துவிட்டுத்தான் பென்சிலை வையுங்கள்.

மாக் டெஸ்டில் உங்கள் விடை ஒன்று, ஆன்சர் கீ வேறொன்று சொல்கிறதா? புத்தகம் யார் போட்டது என்று பாருங்கள். தேர்வு நடத்துபவர்களே வெளியிட்டது என்றால் அவர்கள் பக்க நியாயத்தைத் தேடுங்கள். 'த டீம் ஆர்' என்பது பிரிட்டனில் சகஜம், அமெரிக்கத் தேர்வில் 'இஸ்'தான். பல தகராறுகள் இத்தோடு தீர்ந்துவிடும். ஏதோ ஒரு கைடு என்றால் மைக்கேல் ஸ்வானின் 'பிராக்டிகல் இங்கிலீஷ் யூசேஜ்' எடுத்துப் பாருங்கள். இரண்டும் வழக்கில் உண்டு என்று ஸ்வான் சொன்னால் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

பெரிய இடத்துத் தாளிலும் தகராறு வந்ததுண்டு. 2002 அக்டோபரில் அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கு நடந்த பிஎஸ்ஏடி தேர்வில், 'டோனி மாரிசன்'ஸ்' என்று தொடங்கி, அந்த எழுத்தாளரையே 'ஹெர்' என்று சுட்டிய ஒரு வாக்கியம் வந்தது. 'பிழை இல்லை' என்பதே கீ. உடைமைப் பெயரை 'ஹெர்' சுட்டக்கூடாது என்று மேரிலாந்து ஆசிரியர் ஒருவர் விடாமல் வாதாட, 2003இல் கேள்வியையே நீக்கி மதிப்பெண்ணைத் திருத்தினார்கள். என்னைக் கேட்டால் வாக்கியம் சரி, விதிதான் கோணல். அதனால் 'நோ எரர்' என்ற விடையும் கொடுக்கப்பட்டிருக்கும் தாள்களில், உங்கள் சந்தேகம் இப்படியொரு பழைய விதியை மட்டுமே நம்பி நிற்கிறது என்றால், 'நோ எரர்' போடுவதே மேல்.

எஸ்எஸ்சி, டிஎன்பிஎஸ்சி எழுதுபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. தற்காலிக விடைக்குறிப்பு வந்ததும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். கோச்சிங் நோட்ஸை நம்பாமல், பெயர்பெற்ற இலக்கண நூலின் பக்கத்தை ஆதாரமாகக் காட்டுங்கள். கடைசித் தேதியை மட்டும் தவறவிடாதீர்கள்.