ஸ்கேன் சிடியில் படம் இருக்கிறது, பட்டியல் எங்கே?

தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் இறங்கினால், பெரிய ஸ்கேன் கவரோடு நடந்து போகிறவர்களைப் பார்க்கலாம். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் சானடோரியம், 1937-ல் அரசின் பொறுப்புக்கு வந்தது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. நெஞ்சு சம்பந்தப்பட்ட நோய்க்கு எங்கே போனாலும் டாக்டர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பழைய ஸ்கேன் இருக்கா?" போன வருடப் படத்தில் இருந்த நிழல் வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்று பார்த்துதான் அடுத்த சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

கவரில் உள்ள ஃபிலிமில் தேர்ந்தெடுத்த படங்கள் மட்டுமே இருக்கும். ஒரு மார்பு சி.டி. ஸ்கேனின் நூற்றுக்கணக்கான படங்கள் முழுவதும் இருப்பது சிடியில்தான். அது திறக்கவில்லை என்றால் மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்ல நேரிடும். அதற்குப் பணம், அலைச்சல் மட்டுமல்ல, பல பத்து எக்ஸ்ரேக்களுக்குச் சமமான கதிர்வீச்சும் சேரும்.

இந்தத் தவற்றைச் செய்தது நானேதான். பெரியப்பாவின் இரண்டு சிடிகளை ஒரே பென்டிரைவில் போட்டேன். "இதே பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது, மாற்றவா?" என்று கணினி கேட்டது. யோசிக்காமல் சரி என்றேன். டாக்டரின் அறையில் புதிய ஸ்கேன் மட்டும் திறந்தது. பழைய படங்கள் பென்டிரைவில் பத்திரமாக இருந்தும் திரையில் வரவில்லை.

காரணம் இதுதான். மருத்துவப் படங்கள் 'டைகாம்' என்ற வடிவத்தில் சேமிக்கப்படுகின்றன. 1993 முதல் இந்தப் பெயரில் வழங்கும் உலகப் பொதுத்தரம் இது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் நோயாளியின் பெயர், எண், ஸ்கேன் தேதி, அது சி.டி.யா எம்.ஆர்.ஐ.யா, எத்தனையாவது படம் என்ற விவரமெல்லாம் எழுதப்பட்டிருக்கும். சிடியின் முதல் பக்கத்திலேயே 'டைகாம்டிர்' என்று ஒரு ஃபைல் இருக்கும். நோயாளி, பரிசோதனை, தொடர், படம் என்று நான்கு அடுக்காக எல்லாவற்றையும் வரிசைப்படுத்தும் பட்டியல் அது. நூலக அட்டவணை மாதிரி. பல மென்பொருள்கள் இந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் படத்தைத் தேடும். இரண்டு சிடியிலும் அந்த ஃபைலுக்கு ஒரே பெயர் என்பதால், ஒன்று மற்றொன்றை அழித்துவிட்டது.

நல்ல வேளை, பட்டியலைப் புதிதாகத் தயாரிக்க முடியும். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் உள்ள ஆஃபிஸ் என்ற ஆய்வு நிறுவனம் 'டிசிஎம்டிகே' என்ற கருவித் தொகுப்பை இலவசமாகத் தருகிறது. உபுண்டுவில் 'ஆப்ட்' மூலமே நிறுவிக்கொள்ளலாம். ஐகான், பட்டன் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் படங்களின் நகலை ஒரு கோப்புறையில் வையுங்கள். அசல் சிடியைத் தொடவே வேண்டாம். 'டிசிஎம்டம்ப்' என்று அடித்து, இடம் விட்டு, ஒரு படத்தின் பெயரைக் கொடுங்கள். உள்ளே எழுதியிருக்கும் விவரம் முழுவதும் திரையில் ஓடும். பெயரும் தேதியும் உங்கள் ஸ்கேனுடையதுதானா என்று பாருங்கள். கவர் மாறி வந்திருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து, அதே கோப்புறையில் நின்றுகொண்டு டி, சி, எம், எம், கே, டி, ஐ, ஆர் என்ற எட்டு ஆங்கிலச் சிறிய எழுத்துகளைச் சேர்த்து அடியுங்கள். இடம் விட்டு பிளஸ் குறியும் ஆர் எழுத்தும். மீண்டும் இடம் விட்டு பிளஸ் குறியும் எம் எழுத்தும். ஆர் கொடுத்தால் உள்கோப்புறைகளிலும் தேடும். எம் கொடுத்தால் பெயர்களில் உள்ள சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். புதிய பட்டியல் அங்கேயே உருவாகும்.

ஒரு இடத்தில் நிறையப் பேர் மாட்டிக்கொள்வார்கள். கோப்புறைக்கு 'அப்பா பழைய ஸ்கேன்' என்று பாசமாகப் பெயர் வைத்தால் கருவி ஏற்காது. பெயர் எட்டு எழுத்துக்குள், ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு மட்டும் கொண்டதாக இருக்க வேண்டும்.

இதை பிரவுசிங் சென்டரில் செய்யாதீர்கள். படத்துக்குள்ளேயே பெயரும் வயதும் இருப்பதால், முன்பின் தெரியாத இணையதளத்தில் ஏற்றிப் பார்ப்பதும் கூடாது. இந்தக் கருவி நோயைச் சொல்லாது. படம் எங்கே இருக்கிறது என்று மட்டுமே சொல்லும்.

பெரியப்பாவின் புதிய பட்டியலில் இரண்டு தேதிகளும் வந்துவிட்டன. ஆனால் இரண்டு ஸ்கேன் மையங்களும் வேறு வேறு நோயாளி எண் கொடுத்திருந்ததால், அவர் இரண்டு ஆளாகத் தெரிந்தார். "ரெண்டும் நான்தான் டாக்டர்" என்று அவரே சொன்ன பிறகு, இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள்.