மேற்கோள் காட்டும் முறை

மதுரை மாநகர்க்குத் தென்மேற்கே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில் திருப்பரங்குன்றம் அமைந்துள்ளது. முருகப்பெருமானின் அறுபடை வீடுகளுள் முதலாவதாக அதனைப் போற்றுவர். சங்கப் புலவர் பலர் அக்குன்றத்தைப் பாடியுள்ளனர். அவர்களுள் மதுரை மருதன் இளநாகனார் பாடிய முறை தனித்து நோக்கத்தக்கது. அகநானூற்றின் 59ஆம் பாட்டில் தண்ணிய பரங்குன்றத்தைக் குறிக்கும் அவர், அது அந்துவன் என்னும் புலவரால் பாடப்பெற்ற, சந்தன மரங்களையுடைய நெடுமலை என்கின்றார். தமக்கு முன்னே பாடியவர் ஒருவர் உண்டு என்பதையும், அவர் பெயர் இன்னது, பாடிய பொருள் இன்னது என்பதையும் தம் பாட்டினுள்ளேயே பொதிந்து வைத்துவிட்டார். முன்னோர் உரைத்ததை எடுத்தாளுங்கால் உரைத்தவரையும் சுட்டுதலே மேற்கோள் காட்டுதலாகும்.

அந்த அந்துவன் யாவர்? பரிபாடலின் 8ஆம் பாட்டு பரங்குன்றத்து முருகனைப் பற்றியது. அதனை இயற்றியவர் ஆசிரியன் நல்லந்துவனார். இருவரும் ஒருவரே என்று அறிஞர் பலர் கொள்வர். எனினும், இளநாகனார் கருதியது இப்பாட்டையே என அறுதியிட்டுக் கூற இயலாது. பரிபாடல் 70 பாட்டுக்களை உடையது என்றும், அவற்றுள் 31 செவ்வேளாகிய முருகனுக்கு உரியவை என்றும் பழைய கணக்கு ஒன்று கூறுகின்றது. இன்று நூலாகக் கிடைப்பவை 22 பாட்டுக்களே. அவற்றுள் செவ்வேளுக்கு உரியவை 8. மறைந்துபோன 23 பாட்டுக்களுள் அந்துவனார் பாடிய வேறொன்றும் இருந்திருக்கலாம் அன்றோ? பாட்டுக்கு எண்ணிட்டுச் சுட்டும் வழக்கமில்லாத காலத்துப் புலவரை நாம் குறை கூறுதல் தகாது. ஆயினும் பெயர் மட்டும் கிடைத்து இடம் கிடையாதபொழுது பின்வந்தோர் எவ்வளவு இடர்ப்படுவர் என்பது இதனால் விளங்கும்.

அவ்விடர்ப்பாட்டை முழுதும் பட்டறிந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்த பின்னர் அவர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கினார். அந்நூலுக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியர் பிற நூல்களினின்றும் எண்ணிறந்த அடிகளை எடுத்துக் காட்டியுள்ளார். ஆனால் பல இடங்களில் அவ்வடிகள் எந்நூலைச் சார்ந்தவை என்று கூறவில்லை. ‘என்றார் பிறரும்’ என்று முடித்துவிட்டார். அக்காலத்து மாணாக்கர் அந்நூல்களை மனப்பாடம் செய்திருந்தமையால் பெயர் கூறுதல் வேண்டாததாய் இருந்திருக்கலாம். நூற்றாண்டுகள் கழிந்தன, மனப்பாடம் செய்தோர் மறைந்தனர், ‘பிறர்’ என்ற சொல் மட்டும் எஞ்சியது. ஐயரவர்கள் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் துருவினார். அவ்வாறு மேற்கோள்களின் மூலத்தைத் தேடியபொழுதே பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அவருக்குத் தெரியவந்தன. சிந்தாமணி 1887இலும், பத்துப்பாட்டு 1889இலும், புறநானூறு 1894இலும், பரிபாடல் 1918இலும் அச்சேறின.

இதனால் நச்சினார்க்கினியரைக் குறைவாக எண்ணிவிடலாகாது. அவரும் அவர் போன்ற உரையாசிரியரும் எடுத்துக் காட்டியிராவிடின், சில செய்யுட்கள் சுவடு தெரியாமலே அழிந்திருக்கும். மறைந்துபோன பரிபாடற் பாட்டுக்களின் பகுதிகள் சில, தொல்காப்பிய உரைகளிலும் புறத்திரட்டு என்னும் தொகைநூலிலும் எடுத்தாளப்பட்டமையாலேயே இன்று நமக்குக் கிடைக்கின்றன. வளையாபதி, குண்டலகேசி ஆகிய காப்பியங்களின் நிலையும் அத்தகையதே.

ஐயரவர்கள் தாம் பட்ட துன்பம் பின்வருவோர்க்கு வேண்டா எனக் கருதினார் போலும்! தம் பதிப்புக்களின் அடிக்குறிப்பில் நூற்பெயரைச் சுருக்கி எழுதி, உடன் எண்ணும் தந்தார். ‘அகநா. 59’ என்னும் சிறு குறிப்பு எத்துணை உதவி செய்கின்றது பாருங்கள்! அதனைக் கொண்டு எவரும் நூலை விரித்து உரிய பாட்டைக் கண்டு, எடுத்துக் காட்டியவர் சரியாகக் காட்டினாரா என்றும் ஆராயலாம்.

அறிவியல் ஆய்விதழ்களுக்குக் கட்டுரை எழுதி அனுப்புவோர் இறுதியில் நூற்பட்டியல் அமைப்பதும் இந்நோக்கம் பற்றியதே. ஒரு சான்று காண்போம். சி. வி. இராமனும் க. ஸ்ரீ. கிருஷ்ணனும் ஒளிச்சிதறல் பற்றித் தாம் கண்ட புதுமையைச் சுருங்கிய கடிதமாக எழுதினர். அக்கடிதம் இலண்டனிலிருந்து வெளிவரும் ‘நேச்சர்’ என்னும் வார இதழில் 1928 மார்ச்சு 31இல் வெளியாயிற்று. கிருஷ்ணன் நம் பகுதியினர். வத்திராயிருப்பில் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிற் பயின்றவர். இக்கடிதத்தை மேற்கோளாகச் சுட்டுவோர், ‘இராமன், சி. வி., கிருஷ்ணன், க. ஸ்ரீ., 1928’ என ஆசிரியர் பெயரும் ஆண்டும் எழுதி, கடிதத்தின் தலைப்பையும் ‘நேச்சர்’ என்னும் இதழின் பெயரையும் குறித்து, தொகுதி 121, பக்கம் 501–502 என முடிப்பர். தொகுதி எண் இல்லையேல் எந்த அடுக்கில் தேடுவது? பக்க எண் இல்லையேல் ஒரு தொகுதி முழுவதையும் புரட்ட நேரிடும். ஆண்டோ, இருவருள் முந்திக் கண்டவர் யார் என்னும் வழக்குக்குச் சான்றாகவும் நிற்கும். 2000ஆம் ஆண்டு முதல் டி.ஓ.ஐ. என்னும் அடையாளக் குறியையும் கட்டுரைகளுக்கு வழங்கி வருகின்றனர். இணையத்தில் இதழின் முகவரி மாறினும், இக்குறியைக் கொண்டு கட்டுரையைக் கண்டுபிடிக்கலாம்.

கட்டுரையினுள்ளே சுட்டுதற்கு இரு முறைகள் பெருவழக்கு. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் பிறைக்கோட்டில் இடுவது ஒன்று. வரிசை எண் மட்டும் இடுவது மற்றொன்று. மருத்துவ இதழ்களின் ஆசிரியர் சிலர் 1978இல் கனடா நாட்டு வான்கூவர் நகரிற் கூடி, எண்முறையை ஒட்டிப் பொதுவிதிகளை வகுத்தனர். இவற்றுள் எது சிறந்தது என்று வாதிடுதல் வீண். அனுப்பும் இதழ் எதை விதிக்கின்றதோ அதனையே தொடக்கமுதல் இறுதிவரை மாறாது கைக்கொள்ளுதல் வேண்டும்.

இங்கு ஒரு தீய வழக்கத்தைக் கூறாது விடல் இயலாது. மூலக் கட்டுரையைக் காணாமலே, வேறொருவர் பட்டியலிலிருந்து அதன் பெயரையும் எண்ணையும் அப்படியே பெயர்த்தெழுதுவோர் உளர். முன்னவர் 501 என்பதை 510 என எழுதியிருப்பின் பின்னவரும் அவ்வாறே எழுதுவர். மெய்யெழுத்துக்குப் புள்ளியின்றி எழுதிய ஏட்டில் ஒருவர் தவறாகப் படித்ததை, அடுத்துப் படியெடுத்தவர்களெல்லாம் வழிவழியாகப் பேணிய கதையே இது!

தமிழர் பெயர்களிலும் ஓர் இடையூறு உண்டு. மேனாட்டார் பட்டியலில் குடும்பப் பெயர் முதலில் நிற்கும். தனிப்பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிப் பின்னே வரும். நம்மிற் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. முதலெழுத்துத் தந்தையின் பெயரைக் குறிப்பது. மருதனின் மகன் இளநாகன் எனக் கொண்டால், அப்புலவரைப் பட்டியலில் ‘இளநாகன், ம.’ என்று எழுதுதல் முறை. தந்தை பெயரைக் குடும்பப் பெயர் எனக் கருதி ‘மருதன், இ.’ என்று எழுதிவிட்டால், பாடாத மருதனுக்குப் புகழும், பாடிய இளநாகனுக்கு ஒற்றை எழுத்துமே எஞ்சும். ஒருவரே ஓரிடத்தில் ஒரு வகையாகவும் பிறிதோரிடத்தில் மற்றொரு வகையாகவும் எழுதினால், இருவர் எனவே உலகம் எண்ணும். இக்குழப்பம் நீங்கவே 2012 முதல் ஆர்கிட் என்னும் 16 இலக்க அடையாள எண் ஆய்வாளர்க்கு வழங்கப்படுகின்றது. எனினும், பட்டியலில் அச்சாவது பெயரே. ஆதலால் தம் பெயரின் எப்பகுதி முன்னிற்க வேண்டும் என்பதைத் தமிழ் மாணவர் முதற் கட்டுரையை அனுப்புவதற்கு முன்னரே முடிவு செய்து, பின்னர் எழுதும் கட்டுரைகளிலும் அவ்வாறே எழுதிவருதல் வேண்டும்.